என் கோட்டும் நம் பெரிய ஸ்ப்ரூஸ் மரமும்

மதிப்பிற்குரிய மச்சான் ராய்கோ அவர்களுக்கு, உங்கள் தங்கை மைடாவின் கணவன் சிரில் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். லூப்லியானாவில் நீங்களும் உங்கள் முழங்காலும் சுகம்தானே?

புயலில் நம் கூட்டுக் காடு முக்கால்வாசி சாய்ந்தபோது, இனி பட்டை வண்டு வரும் என்றேன், போனில் சிரித்தீர்கள். வந்துவிட்டது. சீரகம் அளவுதான். விழுந்த மரத்தில் பெருகி, நிற்கிற மரத்துக்குத் தாவும். மிஞ்சியிருப்பதோ வீட்டுக்கு மேலே ஒரு கீற்றுக் காடு. அதுவும் போனால் பனிச்சரிவு நேரே நம் கூரையில்தான். வனத்துறை டியாஷா அம்மா வண்டை இழுக்கும் வாசனைப் பொட்டலங்களைத் தந்து, நிற்கிற மரங்களுக்குத் தள்ளிப் பொறியில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். ஒன்றை மட்டும் கோட்டுப் பையில் மறந்து, வேர்த்ததென்று கோட்டைக் கழற்றி நம் பெரிய ஸ்ப்ரூஸ் கிளையில் தொங்கவிட்டு, அடியில் ரொட்டி தின்று தூங்கியும்விட்டேன். மறுநாள் ஞாயிறு. அதே கோட்டோடு மாதாகோவில் வாசலில் நின்றால், பாதிரியார் என் முதுகையே பார்க்கிறார். மைடா திரும்பினாள்.

"ஏங்க, உங்க முதுகுல காடே ஊருது. இந்தக் கோட்டு வீட்டுக்குள்ள வராது. நீங்களும்தான்."

பையில் அந்தப் பொட்டலம் கையில் தட்டுப்பட, கோட்டு தொங்கிய மரத்துக்கு ஓடினேன். பட்டையெங்கும் வண்டு. உள்ளே என்ன செய்யும் என்று பக்கத்தில் விழுந்து கிடந்த மரத்தின் பட்டையை உரித்தேன். மச்சான், தொப்பியைக் கழற்றிவிட்டேன். நடுவே தாய் குடைந்த நேர்கோடு, இரு பக்கமும் குஞ்சுகள் குடைந்த வரிகள், நெருக்கமாக, வரிசை கலையாமல். அத்தனையும் இருட்டில். என் மூக்குக்கு எட்டாத ஒரு வாசனைக்கு இத்தனை கூட்டம் வந்ததே என்று மலைத்துப்போனேன். பயந்தேன்தான், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

இனி பெரிய மரத்தை வெட்டிப் பட்டையை உரித்தால்தான் மற்றவை பிழைக்கும். அது உங்களுக்கும் பாதி சொந்தம். சம்மதம் எழுதி அனுப்புங்கள். திட்டுவதானால் அதே தாளில் திட்டிவிடுங்கள், தபால் செலவு மிச்சம்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

பணிவுடன்,
சிரில்

பி.கு.: ஒரு வாரமாகக் கொட்டிய மழையில் இதைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. இன்று டியாஷா அம்மா மரத்துக்குக் குறி போட வந்தார். பார்த்தால் துளைக்குத் துளை பிசின் பொங்கி நிற்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு வண்டு மூழ்கிக் கிடக்கிறது.

"தண்ணி குடிச்ச தெம்புல மரம் தானே சண்டை போட்டு ஜெயிச்சிருச்சு சிரில். ரம்பத்த உள்ள எடுத்து வைங்க, இனி வேலையில்ல" என்றார்.

பட்டையில் கை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. எடுக்கவும் மனமில்லை. சம்மதம் வேண்டாம் மச்சான், அனுப்பினாலும் கிழித்துப்போடுவேன். அந்த மரத்தை வெட்ட நீங்களே வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.