மாப்பிள்ளை வந்த கரண்டு கார்

வில்லியனூர்,
14-6-1981

கண்ணியத்துக்குரிய மச்சான் கலீலுல்லா அவர்களுக்கு, வில்லியனூர் ஜவுளிக்கடை ஹாஜா மைதீன் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் அக்கா ரஹ்மத் பீவியும், புதுப்பெண்ணான எங்கள் மகள் அஸ்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பிரான்சில், துலோனில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க தினமும் துஆ செய்கிறோம். இந்தக் கடிதம் உங்கள் காரின் சுகத்தைப் பற்றியது. முடிந்தால் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

அஸ்மாவின் நிக்காஹுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் வராவிட்டாலும் அங்கே உங்கள் பொறுப்பில் விட்டுவந்த என் கார் வரவேண்டும், மாப்பிள்ளை அதில்தான் ஊர்வலம் வரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெட்ரோல் விற்கிற விலையில் அதைக் கரண்டில் ஓடும்படி மாற்றிவிடுங்கள் என்று சொல்லி, பிரெஞ்சுப் பேப்பரில் வந்த படம் ஒன்றையும் கத்தரித்து அனுப்பினீர்கள். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் கார் பக்கத்தில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே என்ன போட்டிருக்கிறது என்று கேட்க, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ரிட்டயராகிப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சொல்தாவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "ரொம்ப சந்தோஷமா இருக்காராம்" என்றார். செய்முறை ஒன்றும் போடவில்லையாம்.

இது நமக்கு ஆகாது என்று அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருப்பேன். உங்கள் அக்கா விடவில்லை. "தாய்மாமனா நின்னு என் தம்பி செய்ய வேண்டியத அவன் வண்டியாவது செய்யட்டுமே. அதுவும் இல்லன்னா எனக்குப் பொறந்த வூட்டு ஆளுன்னு சபையில யாரு இருக்கா?" என்று கேட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மில் ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருக்கும் சூசைநாதனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். "இன்னா பாய் இது? மில்லுல பஞ்சு மூட்டை இழுத்த பேட்டரி வண்டி மாதிரிதானே? அதோட மோட்டாரு காயலான் கடையில கெடக்குது" என்றார். மறுவாரமே உங்கள் காரின் என்ஜின் கீழே இறங்கிவிட்டது. அந்த இடத்தில் மில் மோட்டாரை வைத்து, டிக்கியிலும் பின்சீட்டுக்கு அடியிலுமாக எட்டு லாரி பேட்டரிகளை அடுக்கினார். இதனால் பின்சீட்டு ஒரு முழம் உயர்ந்துபோனது. இறக்கிய என்ஜினை எங்கே வைப்பது என்று விழித்தபோது, நம் கடையில் எப்போதும் வேட்டி எடுக்கும் ஏம்பலம் தங்கவேல், கரும்புக்குத் தண்ணீர் இறைக்கக் கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தேன். அது இப்போது மண்ணெண்ணெயில் ஓடுகிறது. உங்கள் காரில் இருந்த காலத்தைவிட ஒழுங்காக வேலை செய்கிறது என்று கேள்வி.

முதல் ஓட்டம் உறுவையாறு ரோட்டில். கார் ஓடியது மச்சான், பொய் சொல்லக் கூடாது, பட்டு மாதிரி ஓடியது. சத்தம்தான் துளியும் இல்லை. இந்தப் பக்கத்து ரோடு எப்படி என்பது உங்களுக்கு மறந்திருக்காது. அறுப்பு முடிந்தால் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும், சத்தம் கேட்டதும் பொம்பளைகள் ஓரம் போவார்கள். கலியம்மாள் என்கிற அம்மாள் நடு ரோட்டில் குந்திக்கொண்டு உளுந்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். சூசைநாதன் ஹாரனை அமுக்கினார், ஹாரனுக்கு ஒயர் கொடுக்க மறந்திருந்தது. கார் அந்த அம்மாள் முதுகுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. திரும்பிப் பார்த்தவர் முறத்தைத் தூக்கி பானெட்டில் போட்டுவிட்டு, "வண்டின்னா ஒரு சத்தம் வாணாமாய்யா? பொணங்கூட மோளம் அடிச்சிக்கினுதான்யா போவுது!" என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை நாங்கள் உளுந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஹாரனைச் சரிசெய்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. தங்கவேலிடம் சொன்னேன். அவர் தன் மாடுகளின் சலங்கைப் பட்டை இரண்டைக் கொண்டுவந்து முன் பம்பரில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு உங்கள் கார் வந்தால் தெருவில் எல்லோரும் மாட்டு வண்டியைத் தேடினார்கள்.

அடுத்தது தண்ணீர் விஷயம். பேட்டரிக்கு அவ்வப்போது காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது என்று சூசைநாதன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போன நாளில், உங்கள் அக்கா வீட்டில் இருந்ததிலேயே காய்ச்சி வடித்தது எது என்று யோசித்திருக்கிறாள். சபையில் தெளிக்க வாங்கி வைத்திருந்த பன்னீர்! எட்டுப் பேட்டரிக்கும் ஊற்றிவிட்டாள். "பூவைப் போட்டுக் காய்ச்சி வடிக்கிறதுதானே பன்னீரு? என் தம்பி வண்டிக்கு நான் கொறச்சலா ஊத்துவேனா?" என்றாள். சூசைநாதன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கார் ஓடியது. ஆனால் சூடானதும் தெரு முழுக்க மணந்தது.

இனி கல்யாண நாள். சம்பந்தி அப்துல் கனியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பாகூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர், எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிறவர். மாப்பிள்ளையை வேனில் தர்கா வரைக்கும் கூட்டிவந்தார்கள். அங்கிருந்து நம் பந்தல் வரைக்கும் உங்கள் காரில் ஊர்வலம். உயர்ந்துபோன பின்சீட்டில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் தலைப்பாகை கூரையில் இடித்தது. சம்பந்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏற்பாட்டில் ஏதும் பிசகினால் நாளைக்கு அஸ்மா அல்லவா அந்த வீட்டில் பேச்சுக் கேட்க வேண்டும்?

மைக்செட் குழந்தைவேல் எந்த ஊர்வலத்துக்கும் ஒரு லாரி பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருவார். அன்றைக்கு உங்கள் காரில் எட்டு இருப்பதைப் பார்த்ததும், தன்னுடையதைக் கடையிலேயே வைத்துவிட்டார். இரண்டு புனல் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், காரைச் சுற்றிலும் சின்ன பல்புச் சரம், எல்லாவற்றையும் நம் பேட்டரியில் கொடுத்துவிட்டார். "எதுக்கு பாய் பயப்புடுற? ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு எட்டு பேட்டரி தாங்காதா?" என்றார். ஸ்டியரிங்கில் இருந்த சூசைநாதன் வேண்டாம் என்று கத்தினார். பாட்டுச் சத்தத்தில் யார் காதில் விழும்?

தேரடி வந்தது. பாட்டு முதலில் இழுத்தது, பிறகு முனகியது. பல்பு மங்கியது. கார் நின்றுவிட்டது. உள்ளே மாப்பிள்ளை, வெளியே ஊர். "தேரடிக்கு வந்தா எல்லா வண்டியும் நிக்கும்பா, போயி வடத்தை எடுத்தாங்க!" என்று யாரோ சொல்ல ஊரே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது மச்சான். ஒரே பிள்ளையின் கல்யாணம், அதுவும் உங்கள் பேரைச் சொல்லி நடத்துகிற ஊர்வலம், நடு ரோட்டில் நிற்கிறது.

அந்த நேரம் பார்த்து தங்கவேல் கல்யாணத்துக்கென்று ஒரு கட்டுக் கரும்போடு மாட்டு வண்டியில் வந்துசேர்ந்தார். "இன்னா பாய் யோசிக்கிற? மாட்ட அவுத்துப் பூட்டு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் நுகத்தடியைக் கயிற்றால் பம்பரில் கட்டிவிட்டார். மாடுகளும் முரண்டு பிடிக்கவில்லை. அவற்றின் சலங்கைதானே பம்பரில் இருக்கிறது, பழகிய சத்தம் கேட்டதும் நடந்துவிட்டன. சூசைநாதன் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டார். கார் மணத்துக்கொண்டும் குலுங்கிக்கொண்டும் பந்தல் வாசலுக்கு வந்துசேர்ந்தது.

சம்பந்தி நேராக என்னிடம் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாய், சலங்கை இன்னா, பன்னீரு இன்னா, கடைசியில காளை பூட்டி இழுத்துக்கினு வந்தது இன்னா! பாகூர்ல எந்த மாப்பிள்ளைக்கும் இந்த மரியாதை நடந்ததில்ல. எத்தினி நாளா யோசிச்சி வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். எல்லாம் என் மச்சான் ஏற்பாடு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? உங்கள் அக்கா பொம்பளைகள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தவள், எல்லோரும் உள்ளே போனபிறகு வந்து, பானெட்டில் ஒட்டியிருந்த தூசியைக் கையாலேயே துடைத்தாள். "வந்துட்டான்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனாலும் மச்சான், மானம் தப்பியது தங்கவேலின் மாடுகளால், கரண்டால் அல்ல. ஆகவே மோட்டாரையும் பேட்டரிகளையும் கழற்றிவிட்டு, ஏம்பலத்திலிருந்து என்ஜினை வாங்கி, காரைப் பழையபடி பெட்ரோலில் ஓட்ட உங்கள் சம்மதம் வேண்டும். இரண்டு வரி எழுதினால் போதும், அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிடுவேன். இனி எந்தப் படத்தையும் கத்தரித்து அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு சலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் ஆயுளும் பரக்கத்தும் நீள அல்லாஹ் அருள்வானாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
ஹாஜா மைதீன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நேற்று சாயங்காலம் சம்பந்தி வந்துவிட்டார். அவருடைய இளைய மகனுக்கும் நிச்சயமாகிவிட்டதாம். அதே கார், அதே சலங்கை, அதே பன்னீர், அதே மாடுகள் வேண்டுமாம். பேட்டரிகளை என்ன செய்வது என்றேன். "அது எதுக்கு பாய் வீண் வெயிட்டு? மாடு பாவம்" என்றார். சூசைநாதன் இன்று காலையிலேயே மோட்டாரையும் பேட்டரிகளையும் இறக்கிவிட்டார். தங்கவேலும் கரும்பு வெட்டு முடியாமல் என்ஜினைத் தர முடியாது என்கிறார், மாடுகளை வேண்டுமானால் எப்போதும் கூட்டிப்போகச் சொல்கிறார். எனவே மேலே கேட்ட சம்மதத்தை அனுப்ப வேண்டாம். உங்கள் கார் இப்போது பெட்ரோலும் கேட்பதில்லை, கரண்டும் கேட்பதில்லை. அடுத்த லீவுக்கு நீங்கள் வரும்போது, மீனம்பாக்கத்திலிருந்து உங்கள் சொந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று உங்கள் அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். ஆகவே விமானம் இறங்கும் தேதியை ஒரு வாரம் முன்னதாகவே எழுதவும். மாடுகள் புறப்பட வேண்டும்.