கடைசி அத்தியாயம் மட்டும் இருக்கட்டும்

"அந்தப் புத்தகத்தை உடனே நிறுத்துங்க!"

தொலைபேசியில் வந்தது வயதான குரல். கோபத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

போனை எடுத்த பூகோள வாத்தியார் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது மலைகளையும் நதிகளையும். உயிரை விட்டது சங்கீதத்தில். நாலு பேருக்குக்கூடத் தெரியாத ஒரு சாகித்தியகர்த்தாவின் பாடல்களைப் பழைய ஒலிநாடாக்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்து, வாழ்க்கை வரலாற்றோடு தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. பத்திரிகையில் வந்த அறிவிப்பில் அவருடைய தொலைபேசி எண்ணும் இருந்ததுதான் வினை.

"நீங்க யாருங்க?"

"அந்தப் பாட்டையெல்லாம் முழுசா அனுபவிச்சவன்! ஒவ்வொண்ணும் இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. இப்பத்தான் ஊரு மறந்திருக்கு. மறுபடியும் கிளப்பி விடாதீங்க."

வாத்தியாருக்குப் புல்லரித்தது. புகழைக் கண்டு இப்படி ஓடுகிற மனிதர் உலகத்தில் ஒருவராகத்தான் இருக்க முடியும்!

"ஐயா... நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"உயிர் மட்டும்தான் மிச்சம். நேர்ல வாங்க, சொல்றேன்."

முகவரியைக் குறித்துக்கொண்டு போனை வைத்தவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டீங்க?" என்றாள் மனைவி.

"அவரு உயிரோட இருக்காரு."

"நல்ல சேதிதானே?"

"நான்தான் அவரைக் கொன்னுட்டேனே!"

எங்கே தேடியும் சாகித்தியகர்த்தாவைப் பற்றித் தகவல் இல்லை. பல வருஷமாகப் புதுப் பாடலும் இல்லை. போய்ச் சேர்ந்திருப்பார் என்று வாத்தியாரே முடிவு கட்டி, வெளியே மழை, உதட்டில் பாதிப் பல்லவி என்று ஒரு கடைசி அத்தியாயத்தைக் கற்பனையாக எழுதியிருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதாகக் கேள்வி.

"மளிகைச் சாமான் ரெண்டு வாங்கிட்டு வரச் சொன்னா ஒண்ணை மறந்துடறீங்க. ஒரு மனுஷனைச் சாகடிக்க மட்டும் அவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. போய் மன்னிப்புக் கேளுங்க."

அச்சுப் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் ஓடினார்.

பெரியவர் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு சுவர் மட்டும் இடுப்பளவு உயரத்தில் காரை பெயர்ந்து குழி விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு கைத்தடி.

"ஐயா, இந்தக் குழி..."

"இந்தத் தடியால அடிச்சதுதான். பாட்டு நடக்கறப்பல்லாம் அடிச்சு அடிச்சு இப்படி ஆயிடுச்சு."

"தாளம்!" வாத்தியார் அந்தக் குழியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் தடவினார். "இதுக்கே தனியா ஒரு அத்தியாயம் எழுதணும், ஐயா!"

பெரியவர் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தக் காகிதத்தைக் கொடுங்க" என்று கையை நீட்டினார்.

முதல் பாடலைப் பார்த்ததுமே முகம் கோணியது. "இது வேணாம். எடுத்துடுங்க."

"ஐயா, அருமையான பாட்டு!"

"எனக்குப் பிடிக்கலை. இதுவும் வேணாம். இது... ஐயையோ, இதைக் காலங்கார்த்தால கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும்."

சிவப்புப் பேனா பாடல் பாடலாக வெட்டிக்கொண்டே போனது. வாத்தியாருக்கு நெஞ்சு வலித்தாலும், தன் படைப்பிலேயே திருப்தி காணாத மேதை என்று மனசு உருகியது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பெரியவர் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டார். படித்தார். மறுபடியும் படித்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இந்தச் சாவு பிரமாதம்! இதுல ஒரு எழுத்தைத் தொடக்கூடாது."

மறுநாள் வாத்தியார் ஒரு பாடகியை அழைத்துக்கொண்டு போனார். நேரில் கேட்டால் பெரியவர் மனசு மாறி, மிச்சமிருக்கிற பாடல்களையாவது விட்டுவைப்பார் என்று கணக்கு.

பாடகி பல்லவியை எடுத்தாள். பெரியவர் கண்ணில் நீர் முட்டியது. கை தானாகத் தடியைத் தேடிப் பிடித்து, சுவரில் ஓங்கி ஓர் இடி இடித்தது. காரை உதிர்ந்தது.

"நிறுத்தும்மா! தெய்வமே, நிறுத்து!"

"எப்படி உருகறாரு பாத்தியாம்மா!" என்று வாத்தியார் பாடகியின் காதில் கிசுகிசுத்தார்.

அன்றைக்கு மிச்சப் பாடல்களும் போயின. பாடல்களே இல்லாத பிறகு, அவை பிறந்த கதைகள் மட்டும் எதற்கு என்று அவற்றையும் பெரியவர் வெட்டினார்.

பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன வாத்தியாரே, தலகாணி மாதிரி இருந்த புத்தகம் தீப்பெட்டி மாதிரி ஆயிடுச்சு? மிஞ்சினது சாவு ஒண்ணுதான். அதுவும் உயிரோட இருக்கிற மனுஷனுக்கு!"

"அவரே அது இருக்கட்டும்னுட்டாரே."

"செத்தவரே ஒத்துக்கிட்டா நமக்கென்ன வந்தது? மேடையில உக்கார வெச்சுடுங்க. கூட்டமாவது வரும்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்தது. தன் பெயர் அட்டையில் வரவேண்டும் என்று வருஷக்கணக்காகக் கனவு கண்ட வாத்தியார், அந்த ஒல்லிப் புத்தகத்தை எங்கே ஊதினால் பறந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தப் பாட்டை இனிமே யாரும், எங்கேயும், எப்பவும் பாடக்கூடாது."

அந்த அடக்கத்துக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டலுக்கு நடுவே ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி அவரிடம் வந்தாள். கையில் அதே ஒல்லிப் புத்தகம்.

"சார், இதுல பாட்டு ஒண்ணுகூட இல்லையே? எங்க மாமனாரோட பாட்டெல்லாம் வருதுன்னு பத்திரிகையில பாத்துட்டு ஆசையா வந்தேன்."

"நீங்க ஐயாவோட மருமகளா! வீட்டுக்கு வந்தப்போ உங்களைப் பாக்கலியேம்மா! மேடைக்கு வாங்க, ஐயா பக்கத்துல உக்காருங்க!"

அவள் மேடையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"மாமா போய்ப் பல வருஷமாச்சு, சார். மேடையில இருக்கிறவரு எங்க பக்கத்து வீட்டுக்காரரு. மாமா பாட வாயைத் திறந்தா போதும், 'நிறுத்துய்யா'ன்னு அந்தப் பக்கத்திலேருந்து தடியால சுவத்தை இடிப்பாரே, அவரேதான்!"