கார்த்திகனின் கறுப்புக் கம்பளி

வெயிலில் தார் உருகுகிற கொழும்பு வெள்ளவத்தையில், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, ஒரு மனிதர் குளிருக்குப் போடுகிற நீட்டு உள்ளாடை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்றுதானே? கார்த்திகனுக்குக் காய்ச்சல் இல்லை. எல்லாம் வாயால் வந்தது.

அவருடைய முதலாளி கதிர்காமநாதன், தை மாதம் எல்லாரையும் மலைநாட்டு ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னார். "விடியக்காலமை புல்லெல்லாம் பனி உறைஞ்சு கிடக்கும். தாங்குவியளோ?" என்றும் கேட்டார். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். கார்த்திகனால் அது முடியவில்லை.

"குளிரோ சேர்? நான் மார்கழி விடியலில கிணத்துத் தண்ணியில தோய்ஞ்சு வளந்தவன். எனக்குக் குளிர் எண்டா என்னெண்டே தெரியாது."

உண்மை என்ன? அவர் வீட்டு மின்விசிறியின் மூன்றாம் இலக்கத்தை இன்றுவரை ஒருவரும் தொட்டதில்லை. மழை தூறினால் காதுக்குள் பஞ்சு. ஏசி பஸ் வந்தால் விட்டுவிட்டு அடுத்த பஸ். இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி றஷ்மி. அவள் வந்து வாய் திறந்தால் கதை கந்தல். ஆகவே, "குடும்பத்தோட வாங்கோ" என்று முதலாளி சொன்னதை அவர் வீட்டுப் படியேறும்போதே விழுங்கிவிட்டார்.

"ஸ்டாஃப் மட்டும்தானாம்" என்றார்.

"நானும் சின்னவளும் வரேலாதோ?"

"அங்கத்தைக் குளிர் உமக்குச் சரிவராது. சின்னவளுக்கும் சளி பிடிச்சிடும்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன?"

றஷ்மி மேலே நிமிர்ந்து மின்விசிறியை ஒருக்கால் பார்த்தாள். பிறகு மகளுக்குச் சோறு தீத்தப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து கார்த்திகனுக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினால் புல்லெல்லாம் பனி. பனிக்கு நடுவில் விறைத்துப்போய் அவர். சுற்றிநின்று சிரிக்கிற அலுவலகம். கடைசியில், வெளிநாடு போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற ஷிப்லியின் கடைக்குள், கடைத்தெருவான காலி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நுழைந்தார்.

"தெர்மலா? ஈக்குது சேர். கனடாவா, லண்டனா?" ஷிப்லி கேட்டார்.

"ஹோட்டன் பிளேன்ஸ்" என்றார் கார்த்திகன் மெல்லமாக.

ஷிப்லி சிரிக்கவில்லை. நல்ல வியாபாரி. இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். "இது பருத்தி. மலிவு, ஆனா மலை ஏறக்குள்ள வேர்வையக் குடிச்சிட்டு உடம்போட ஒட்டிக்கிட்டு ஈக்கும். பொறகு காத்து அடிச்சா ஐஸ் மாதிரி. இது கம்பளி. நனைஞ்சாலும் சூடு போகாது. உடம்போட இறுக்கிப் பிடிக்கணும் சேர், லூசாப் போட்டா வேலை இல்ல. நல்லா இழுபடும், ஆருக்கும் அளவு. கடைசி செட்."

போட்டுப் பார்க்கிற அறையில் விசிறி இல்லை. மேல்சட்டை தலைவழியே இறங்கியது. கழற்றும்போது கழுத்தில் நின்றுவிட்டது. உள்ளே இருட்டு, ஆட்டு வாசம், மூச்சுமுட்டல். "ஷிப்லி... இழுங்கோ!" என்று ஒரு குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. ஷிப்லி இழுத்தார். கார்த்திகன் பிறந்த பிள்ளை மாதிரிச் சிவந்துபோய் வெளியே வந்தார். ஆனாலும் மனதில் ஒரு நிம்மதி. இந்தச் சூடு எந்தப் பனியையும் தாங்கும்.

அடுத்த கவலை ஒளிக்கிற இடம். அலுமாரி றஷ்மியின் ராச்சியம். கட்டிலுக்குக் கீழே மகளின் ராச்சியம். அவருக்கென்று அந்த வீட்டில் இருந்தது பழுதாய்ப்போன கிரைண்டரின் பெட்டி மட்டும்தான். ஒரு வருடமாக "நாளைக்குத் திருத்தக் குடுக்கிறன்" என்று அவர் சொல்லிவருகிற கிரைண்டர். அந்தப் பெட்டியைத் தொடவேண்டிய கடமை அவருக்கு மட்டுமே உண்டு. ஆகவே ஒருவரும் தொடமாட்டார்கள். கம்பளி அதற்குள் போனது.

இரண்டு நாள் கழித்து அவர் வேலையால் வரும்போது சமையலறையில் கிரைண்டர் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நானே கொண்டுபோய்த் திருத்திப்போட்டன்" என்றாள் றஷ்மி. மேசையில் கறுப்புக் கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இஞ்சருங்கோ, இது என்ன?"

கார்த்திகன் அவசரமாகக் கணக்குப் போட்டார். தன்னுடையது என்றால் அவள் வாயால் அது அலுவலகம் போய்ச் சேரும், கிணற்றுத் தண்ணீர்க் கதை அன்றோடு சரி. "அது... அது வந்து..."

"எனக்கோ?" றஷ்மி இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்தாள். "கதிர்காமநாதன் சேரின்ர மனுசி இப்பத்தான் போன் எடுத்தவா. எல்லாரும் குடும்பத்தோடயாமே! உங்கட மனுசனுக்குக் குளிரே தெரியாதாமே எண்டு ஒரே புகழ். நான் அப்பவே விளங்கிக்கொண்டன். வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, ஒளிச்சு எனக்குச் சாமான் வாங்கியிருக்கிறியள். சர்ப்ரைஸ் என்னப்பா?"

"ஓம்" என்றார் கார்த்திகன். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "சர்ப்ரைஸ்தான்."

"ஆனா இந்தக் காற்சட்டைக்கு முன்னால ஏன் ஒரு வாசல் விட்டிருக்கிறாங்கள்?"

"அது... காத்தோட்டத்துக்கு."

"குளிருக்குப் போடுறதுக்குக் காத்தோட்டமோ? விசர் வேலை." அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே வாசல் மூடப்பட்டது. நல்ல நெருக்கமான தையல். பிரித்தால் கம்பளி கிழியும்.

மறுநாள் விடியவே ஷிப்லியின் கடை வாசலில் நின்றார். "அதுதான் கடைசி எண்டு சொன்னேனே சேர். பருத்தி மட்டும்தான் ஈக்குது." வேறு வழி? பருத்தியை வாங்கினார். அதற்கு மேலே போட, கனடா மச்சான் வந்துபோனபோது விட்டுவிட்டுப் போன தடித்த ஜாக்கெட்டை எடுத்துவைத்தார்.

"உங்களுக்கு ஏன் ஜாக்கெட்?" றஷ்மி கேட்டாள்.

"படம் பிடிக்கேக்க எடுப்பா இருக்குமெண்டு."

"ஓம், ஓம். படத்துக்கு வேணும்தான்."

ஹோட்டன் சமவெளியில் புல் உண்மையாகவே வெள்ளையாகக் கிடந்தது. கார்த்திகன் எல்லாருக்கும் முன்னால் விறுவிறு என்று நடந்தார். வீரத்துக்கு இல்லை, சூடு பிடிக்க. சூடு பிடித்தது. வேர்த்தது. பருத்தி அவ்வளவையும் குடித்தது. உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் நின்றபோது காற்று ஒரே அடியாக அடித்தது. ஷிப்லி சொன்னது சொன்னபடி நடந்தது. ஜாக்கெட் ஒன்றுதான் அவருடைய உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

றஷ்மி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கம்பளிக்குள் வீட்டுக் குசினி அடுப்பருகில் நிற்கிறமாதிரி நின்றாள். கன்னம் இரண்டும் மினுமினுத்தன. பக்கத்தில் முதலாளியின் மனைவி மெல்லிய சால்வைக்குள் ஒடுங்கிப்போய் நின்றார்.

"எப்பிடிக் கார்த்திகன்? குளிர் தெரியுதோ?" முதலாளி உரத்துக் கேட்டார்.

"இல்லை சேர்" என்றார் கார்த்திகன், பல்லைக் கடித்தபடி. பல்லை விட்டால் அது தாளம் போடும்.

றஷ்மி கிட்ட வந்தாள். "உண்மையைச் சொல்லுங்கோப்பா" என்று காதுக்குள் கேட்டாள். "கொஞ்சமும் குளிரேல்லையோ?"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சமும் இல்லை" என்றார் கார்த்திகன்.

"நல்லதாப் போச்சு." றஷ்மி முதலாளியின் மனைவியைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "படமெல்லாம் எடுத்தாச்சுத்தானே, அந்த ஜாக்கெட்டைக் கழட்டி அன்ரிக்குக் குடுங்கோவன், பாவம் நடுங்கிறா."