சகலை வீட்டுத் தரையும் என் வீட்டு நுரையும்

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

மூத்த சகலை எழுதுவது. நடுக்கூடத் தரையைத் தவிர இங்கு யாவரும் நலம். உங்கள் தரை நலமாகத்தான் இருக்கும். என் நோயே அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குள் கால் வைத்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "ரிடையரானா இப்படி இருக்கணும். தரையில முகமே தெரியுது" என்றாள், உங்களைப் பார்த்து. நானும் ரிடையரானவன்தானே! பழைய செய்தித்தாளை நனைத்து வாரம் தவறாமல் ஜன்னல் கண்ணாடி துடைக்கிறேன். காக்கை வந்து முட்டிக்கொள்கிறது, கட்டியவள் கண்ணில் மட்டும் படுவதில்லை. வயிறு எரிந்தது சகலை, மறைப்பானேன்? அந்த எரிச்சலில் கை கழுவுகிற சாக்கில் உங்கள் குளியலறைக்குள் போனேன். மூலையில் ஒரு கேன். அதன்மேல் பொடி எழுத்தில் என்னவோ நிறைய இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுப் படிக்க அது என்ன கல்யாணப் பத்திரிகையா? இதுதான் உங்கள் ரகசியம் என்று முடிவு கட்டி, தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து அதை எங்கள் பளிங்குத் தரையில் ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்கு அலறுகிறது என்று மகிழ்ந்தேன். துடைத்துப் பார்த்தால் பளிங்கு அம்மை கண்ட முகம்போல் சொரசொரவென்று கிடக்கிறது. பதறிப்போய், வெளுத்துவிடலாமென்று துணிக்குப் போடும் பிளீச்சை அதன்மேலேயே கவிழ்த்தேன். அவ்வளவுதான், கண்ணும் மூக்கும் தீயாக எரிய, மூச்சு அடைக்க, இருமிக்கொண்டு தடுமாறினேன். நல்லவேளை, திரும்பி வந்தவள் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப்போட்டாள். டாக்டர் வீட்டிலிருந்து வரும்போது சொன்னாள்.

"தரை போனா போகுது. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் யாரோட சண்டை போடறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க சகலை எதையும் படிக்காம தொட மாட்டாரு" என்று சேர்த்துக்கொண்டாள்.

போகட்டும், இனி எனக்கு உங்கள்மேல் பொறாமை இல்லை. அந்தத் தரையில் வழுக்கி விழாமல் நீங்கள் நீடூழி வாழ வேண்டும். வீட்டாருக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மூத்த சகலை

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் உங்கள் வீட்டம்மா போனில் அக்காவிடம் எல்லாம் சொன்னார். நீங்கள் தரை துடைப்பது வெறும் சோப்புத் தண்ணீரிலாம். நான் பிடித்து வந்தது கழிவறைக் கறைக்கு ஊற்றும் ஆசிடாம். அதை விடுங்கள். "அத்தான் தொடைச்சா ஜன்னல்ல கண்ணாடி இருக்கறதே தெரியாது" என்று அவர் உங்களிடம் ஓயாமல் சொல்லித்தான், நீங்கள் வீம்புக்கு மாப்பைக் கையில் எடுத்தீர்களாமே! என் வயிறு இப்போது குளுகுளுவென்று இருக்கிறது. யாரும் தண்ணீரென்று குடித்துவிடாதபடி, மீதி ஆசிடைப் பெயர் எழுதி ஒட்டி நானே கொண்டுவந்து தருகிறேன். மேலே ஜன்னல் துடைப்பதைப் பற்றி எழுதுகையில் செய்தித்தாள் என்று ஒரு சொல் கைதவறி வந்துவிட்டது. அதை மட்டும் தயவுசெய்து மறந்துவிடவும்.