நகராட்சி பேண்டின் முடியாத பாட்டு

நகராட்சி என்று ஒன்று இருந்தால் அதில் குடிநீர்ப் பிரிவு, குப்பைப் பிரிவு, வரிப் பிரிவு இருப்பதுபோல் ஒரு பேண்டுப் பிரிவும் இருந்தாக வேண்டும் என்பது எங்கள் ஊரின் நெடுநாளைய நம்பிக்கை. குடிநீர்ப் பிரிவின் குழாயில் காற்று வரும். குப்பைப் பிரிவு இருக்கும் தெருவில்தான் குப்பை அதிகம். பேண்டுப் பிரிவு ஒன்றுதான் ஊது என்றால் ஊதும், நிறுத்து என்றால் நிறுத்தும். அதனால்தானோ என்னவோ, அதை மூடிவிடலாம் என்று மேலிடத்துக்குத் தோன்றியது.

ஆணையர் வெளியூர் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். போகும்போது நல்லபடியாகத்தான் போனார். வரும்போது "மக்கள் ஈடுபாடு" என்று இரண்டு சொற்களைக் கொண்டுவந்துவிட்டார். மாடிப்படி துடைக்கிறவரிடம்கூட "இதில் மக்கள் ஈடுபாடு என்ன?" என்று கேட்டார். அவர் மறுநாள் லீவு போட்டுவிட்டார். அடுத்தது பேண்டு மாஸ்டர்.

"நீங்க வாசிக்கும்போது ஜனங்க என்ன பண்றாங்க?"

"பிஸ்கட் சாப்பிடுறாங்க சார்."

"பிஸ்கட் தீர்ந்த பிறகு?"

பேண்டு மாஸ்டருக்கு ஊதத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. "எழுந்து போயிடுறாங்க சார்."

உடனே உத்தரவு பிறந்தது. வரப்போகும் ஆண்டு விழாக் கச்சேரியில், பிஸ்கட் ஏதும் வழங்கப்படாத நிலையில், பொதுமக்கள் இறுதிவரை அமர்ந்திருக்க வேண்டும். தவறினால் பேண்டுப் பிரிவு கலைக்கப்பட்டு, கலைஞர்கள் அனைவரும் கொசுப் புகைப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்.

"அங்கேயும் ஊதுற வேலைதானே, ஒண்ணும் கஷ்டம் இருக்காது" என்றார் ஆணையர், மிகுந்த கருணையோடு.

பேண்டு மாஸ்டருக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவருக்கு ஊதுபத்திப் புகையே ஆகாது. கிளாரினெட் வாசிக்கும் பெண்ணுக்குக் கொசு என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு தடிக்கும். பிள்ளைகள்போல் சேர்த்துவைத்த கூட்டம் இப்படிச் சிதறப்போகிறதே என்று அவர் நிஜமாகவே கலங்கிப்போனார்.

எந்தப் பாட்டை வாசிப்பது என்று முடிவுசெய்ய ஒரு குழு போடப்பட்டது. மரபுக்கு ஓர் உறுப்பினர், மக்கள் ரசனைக்கு ஓர் உறுப்பினர். முதலாமவர் ஓய்வு பெற்ற வரி அதிகாரி. இரண்டாமவர் விளம்பரப் பிரிவு அதிகாரி, மூக்குக் கண்ணாடியை மாதாமாதம் மாற்றுகிறவர். அலுவலகத்தில் அவர்களைப் பழசு, புதுசு என்றுதான் சொல்வார்கள். நேரில் மட்டும் ஐயா.

பாரம்பரியப் பாட்டு ஒன்று, எல்லோருக்கும் பிடித்த பாட்டு ஒன்று என்று எடுத்து பேண்டுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் குழு எதிலும் இருந்ததில்லை என்று அர்த்தம்.

பேண்டு மாஸ்டர் ஒரு பழைய பாட்டை வாசித்துக் காட்டினார். பழசு கையை உயர்த்தினார்.

"இது யார் போட்ட மெட்டு?"

பேண்டு மாஸ்டர் சொன்னார்.

"யார் போட்டதுன்னு தெரிஞ்சா அது எப்படிங்க பாரம்பரியம்? அது தனியார் சரக்கு."

சரி என்று ஒரு தாலாட்டை வாசித்தார்.

"இது யார் போட்டது?"

"தெரியாதுங்க ஐயா. காலங்காலமா பாடுறாங்க."

"ஊர் பேர் தெரியாத ஆளோட பாட்டுக்கு நகராட்சி மேடையில எப்படி இடம் குடுக்கிறது? நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா யார் பதில் சொல்றது?"

புதுசு வேறு வழியில் போனார். "மாஸ்டர், ஜனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் பழசாயிடுச்சு. யாருக்கும் தெரியாத பாட்டா ஒண்ணு எடுங்க. அதுதான் அடுத்து பிரபலமாகும்."

"யாருக்கும் தெரியாத பாட்டுன்னா எனக்கும் தெரியாதே ஐயா."

"அப்ப சரியான பாட்டுன்னு அர்த்தம்."

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. பேண்டில் பாதிப் பேர் பழசின் பாட்டையும் மீதிப் பேர் புதுசின் பாட்டையும் ஒரே நேரத்தில் வாசிப்பது. ஒத்திகையின்போது ஆணையர் அறையின் ஜன்னல் படாரென்று மூடியது. சற்று நேரத்தில் அவரே இறங்கி வந்தார்.

"குழு, கிழுவெல்லாம் இருக்கட்டும். தெருவுக்குப் போங்க. ஜனங்க வாய்ல என்ன பாட்டு இருக்குன்னு பாருங்க. அதை வாசிங்க."

ஓர் ஆணையர் வாயிலிருந்து இப்படியும் ஒரு நல்ல யோசனை வருமா என்று பேண்டு மாஸ்டருக்கு ஆச்சரியம். அன்றே கிளம்பினார். முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோலோடு சேர்ந்து ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிங் டிடிங், டிங் டிடிங். பஸ் நிறுத்தத்தில் மூட்டைக்காரர் ஒருவர் அதையே முனகினார். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துத் தருகிற அம்மாவும் அதையே முனகினார். மரியாதைக்குரிய ஒரு வக்கீல் சைக்கிளில் அதையே விசிலடித்துக்கொண்டு போனார்.

பேண்டு மாஸ்டர் முடிதிருத்துகிறவரிடமே திரும்பி வந்தார். "இது என்ன பாட்டுங்க?"

"தெரியலையே. நல்ல பாட்டுகூட இல்ல. ஆனா வாயை விட்டுப் போக மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்தார். வாசலில் நகராட்சிக் குழாய் உடைந்து, தண்ணீர் படியேறி நடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அவர் மனைவி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வாயில் டிங் டிடிங்.

"உனக்கு எப்படி இந்தப் பாட்டு தெரியும்?"

"நல்லா இருக்கே! உங்க ஆபீஸ் பாட்டு உங்களுக்கே தெரியாதா? குழாய் உடைஞ்ச நாள்லேர்ந்து இதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பேண்டு மாஸ்டர் போனை வாங்கிக் காதில் வைத்தார். அதேதான். நகராட்சிக்குப் போன் செய்தால் யாராவது எடுக்கும்வரை ஒலிக்கும் இசை. உள்ளே வேலை செய்கிறவர்கள் வெளியிலிருந்து போன் செய்வதில்லை. ஆகவே ஊரிலேயே அதைக் கேட்டிராதவர்கள் நகராட்சி ஊழியர்கள் மட்டும்தான்.

"இது முதல் பாகம். இது எல்லாருக்கும் தெரியும்" என்றார் மனைவி. "ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்தா ரெண்டாவது பாகம் வரும். அதுல புல்லாங்குழல் இருக்கு. எதிர்வீட்டு அக்கா அதுவரைக்கும் போனதே இல்ல." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

"முடியறது எப்படி இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? ஒண்ணு லைன் கட்டாயிடும், இல்ல நமக்குக் கை மரத்துப்போயிடும்."

குழு கூடியது. பழசு முதல் அடியைக் கேட்டதுமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா கடைசிக் காலத்துல கேட்ட இசைங்க இது. ஒரு குடிநீர் இணைப்புக்காகக் கேட்டார். இணைப்பு வரலை. இதைவிடப் பாரம்பரியம் என்ன வேணும்?" புதுசு, இன்றைய தேதியில் இந்த ஊரில் எந்தப் பாட்டுக்கும் இத்தனை பேர் இத்தனை முறை காது கொடுத்ததில்லை என்று எடுத்துரைத்தார். வரலாற்றில் முதல் முறையாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

இசை அமைப்பிலும் குறை வைக்கவில்லை. லைனில் வரும் கரகரப்பை எடுத்துவிட்டால் புனிதம் கெட்டுவிடும் என்று பழசு சொன்னதால், சின்ன டிரம்மின் மேல் துடைப்பத்தை இழுத்து அதை உண்டாக்கினார்கள். மெட்டு நன்றாகச் சூடு பிடிக்கும் இடத்தில் அதை வெட்டிக்கொண்டு ஒரு பெண் குரல் வருமே, அது இல்லாமல் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்றார் புதுசு. அந்தக் குரலை அச்சு அசலாகப் பேசக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். பேண்டு மாஸ்டரின் மனைவி.

"பேசுறேன்" என்றார் அவர். "ஆனா நீங்க ஆணையர்கிட்ட நேர்லயே நம்ம குழாயைப் பத்திச் சொல்லணும்."

"நான் பேண்டுப் பிரிவு, குழாய் குடிநீர்ப் பிரிவு. முறைப்படி போன்லதான் சொல்லணும்."

"அப்ப நீங்களே பொம்பளைக் குரல்ல பேசிக்குங்க."

"சரி சரி. கச்சேரி முடிஞ்சதும் சொல்லிடுறேன்."

விழா நாள் வந்தது. ஊரே வந்திருந்தது. பிஸ்கட் கிடையாது என்று அறிவித்தார்கள், முணுமுணுப்பு எழுந்தது. பேண்டு மாஸ்டர் கோலை உயர்த்தினார். டிங் டிடிங்.

கூட்டம் அப்படியே அடங்கியது. அழுத குழந்தைகூட நிறுத்திவிட்டது. பாதிப் பேர் தங்களை அறியாமல் கையைக் காதருகே கொண்டுபோனார்கள். முன்வரிசையில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த மனுவை எடுத்து மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டார். முதல் பாகம் முடிந்து மறுபடி வந்தது. யாரும் அசையவில்லை. இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு இப்போது எழுந்தால், நாளைக்கு மறுபடி முதலிலிருந்து அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? இரண்டாவது பாகத்தில் புல்லாங்குழல் நுழைந்ததும் அங்கங்கே அனுபவசாலிகள் "ஆஹா" என்றார்கள்.

பேண்டு மாஸ்டரின் கண்ணில் நீர் நின்றது. கொசுப் புகை இல்லை. டியூபாக்காரர் பிழைத்தார். ஒரு கூட்டம் தன் இசையைக் கடைசிவரை கேட்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவருக்கு அது பலித்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பாட்டுக்குக் கடைசி கிடையாது. முடிவை யாரும் கேட்டதில்லை, ஆகவே யாரும் எழுதவும் இல்லை. பழசைப் பார்த்தார். மரபை நடுவில் நிறுத்தக் கூடாது என்று பழசு விரலை ஆட்டினார். புதுசைப் பார்த்தார். புதுசு கட்டை விரலை உயர்த்தினார். டியூபாக்காரரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

பொழுது சாய்ந்தது. ஆணையருக்குப் பசி. மக்கள் ஈடுபாடு போதும் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. இந்த இசை எப்போது நிற்கும் என்று யோசித்தார். யாராவது போனை எடுத்தால் நிற்கும். விறுவிறுவென்று மேடையேறி நடுவிலிருந்த மைக்கைப் பிடித்தார்.

"ஹலோ, நகராட்சி. ஆணையர் பேசுறேன். சொல்லுங்க, உங்க குறை என்ன?"

எங்கள் ஊரில் இந்த வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை. இதற்காகத்தான் இத்தனை காலம் எல்லோரும் காத்திருந்தோம். மனுவோடு உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்! கொஞ்சம் சும்மா இருங்க சார். புல்லாங்குழல் வரப்போகுது."

"உட்காருங்க சார்! மறைக்குது!" என்று பின்னாலிருந்து நாங்களும் கத்தினோம்.

பேண்டு மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். இதுதான் சமயம். ஆணையரே குறை கேட்டுக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார், மனைவி கையில் இன்னொரு மைக் இருக்கிறது. ஒரு வார்த்தை, குழாய் என்று ஒரே ஒரு வார்த்தை. மனைவியும் வாயைத் திறந்தார். ஆனால் பாட்டில் அது அவருடைய குரல் வர வேண்டிய இடம். இதுவரை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்றார் ஆணையரைப் பார்த்து. "தயவுசெய்து காத்திருக்கவும்."

கைதட்டல் வானைப் பிளந்தது. ஆணையர் மேடை ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் காலும் தாளம் போட ஆரம்பித்தது. கச்சேரி முடிந்ததும் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுவதாக பேண்டு மாஸ்டர் மனைவிக்குச் சாடை காட்டினார்.