கரண்டு அடித்த சிங்கவால் குரங்கு

வேலை தேடி அலைகிறவன் கையில் பஞ்சும் ஊசிநூலும் சிக்கக் கூடாது. ஏதாவது ஓர் உயிரைத் தைத்துவிடுவான்.

சங்ககிரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. அறிவியல் ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். மலைக்காட்டை விட்டால் பிழைக்கத் தெரியாமல் அழிந்துவரும் சிங்கவால் குரங்கையும், குளியலறைச் சுவரில்கூடக் குடித்தனம் நடத்தும் பாசியையும் ஒப்பிட்டு அசத்துவதாகத் திட்டம். (இந்த வேலையும் கிடைக்காவிட்டால் பெண் கொடுக்க முடியாது என்று நிச்சயித்த வீட்டில் சொல்லிவிட்டார்கள்.) தறிக்கூடத்துக் கழிவுப் பஞ்சை அடைத்து, கருப்புத் துணியில் நிஜ அளவுக்கே ஒரு குரங்கு தைத்தேன்.

கோடை விடுமுறையில் பள்ளி வெறிச்சோடிக் கிடந்தது. குரங்கை மாடி வராந்தாச் சுவர்மேல் உட்காரவைத்து, மடியில் பாசியை வைத்தேன். பாசி வாடக் கூடாதே என்று ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, தாளாளர் அறையில் போய்க் காத்திருந்தேன். வெளியே, வராந்தாவை ஒட்டி நின்ற டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மின்விசிறி மெல்ல நின்றது. அதன்பின் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. யாரும் வரவும் இல்லை.

இறங்கிப் போனேன். வெடித்த அதிர்வில் குரங்கு கீழே விழுந்து, டிரான்ஸ்பார்மர் அடியில் மல்லாந்து கிடந்தது. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. தாளாளரும் ஆயாம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு, எட்ட நின்றே பூத் தூவிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு அடிச்சுருச்சுங்க. மேலெல்லாம் கருகிப்போச்சு பாருங்க," என்றார் ஆயாம்மா.

எங்கள் பக்கம் குரங்கென்றால் பழுப்பு நிறம்தான். செத்தால் மாலை போட்டு மனிதரைப் போல அடக்கம் செய்வோம்.

"அது என்னோட..." என்று இழுத்தேன்.

"உங்ககூட வந்த சாமிங்களா? அப்ப நீங்களே தூக்குங்க," என்றார் தாளாளர். அவர் கண் கலங்கியிருந்தது.

தூக்கினேன். பிணம்போல் கனத்தது, சில்லென்றிருந்தது. தலை என் தோளில் சாய்ந்தது. கண் தையல் வழியாகக் கசிந்த நீர் என் கழுத்தில் இறங்கியது.

"அழுவுதுங்க," என்று கிசுகிசுத்தார் ஆயாம்மா.

உள்ளே இருப்பது பஞ்சும் தண்ணீரும் என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் அது மூச்சு விடுகிறதா என்று கவனித்துக்கொண்டே நடந்தேன். பாசி விழுந்த இடத்திலேயே சௌக்கியமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நடத்த வந்த பாடமே அதுதான். கேட்கத்தான் ஆள் இல்லை.

மண் தள்ளி முடித்ததும் தாளாளர், "வகுப்பெல்லாம் வேண்டாங்க. பள்ளிக்கூடம் தொறந்ததும் வந்துருங்க," என்றார்.

கல்யாணமும் நடந்தது. குரங்கைப் புதைத்த இடத்தில் மேடை கட்டிவிட்டார்கள். வாராவாரம் வடைமாலை உண்டு. மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவைத்தேன். என் உத்தியோகம் பற்றி யார் கேட்டாலும் என் மனைவி சொல்கிற பதில் உறவு முழுக்கப் பிரசித்தம்:

"வாரம் பூரா சயின்ஸ் வாத்தியாருங்க. சனிக்கிழமை மட்டும், அவரே தைச்ச சாமிக்கு அவரே பூசாரிங்க."