வெளியாள் ஒருத்தனும் வரக்கூடாது

சர்வர் பழைய கடவுச்சொல்லை ஏற்கவில்லை. அதில் தப்பில்லை, ஏற்கக்கூடாதென்று சற்று முன் உத்தரவு போட்டதே சிவப்பிரகாஷ்தான். ஆனால் அதற்குப் பதிலாக அவன் செய்துவைத்த புது டிஜிட்டல் சாவியையும் அது ஏற்கவில்லை.

கஞ்சிக்கோட்டில் லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி அது. எழுதிய நிரலெல்லாம் முதலாளி ரமேஷ்குமாரின் கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்த சர்வரில் கிடந்தது. அங்கே சோலார் உண்டு, கரண்ட் போகாது. தூரத்துக் கணினிக்குள் நுழையவிடும் எஸ்.எஸ்.எச். வழியாக ஆபீஸிலிருந்தே அதில் வேலை பார்ப்பார்கள். அந்த வழியில் எவனெவனோ கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்த ரமேஷ்குமார், விமானம் ஏறப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "வெளியாளு ஒருத்தனும் உள்ள வரக்கூடாது. பாத்துக்க."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிடைத்த பெரிய பொறுப்பு. சிவப்பிரகாஷ் உச்சி குளிர்ந்துபோய் இறங்கிவிட்டான்.

"சாவிய மாத்தி வெச்சுட்டியா?" என்றாள் பக்கத்து நாற்காலி கௌசிகா.

"நாலு தடவ தட்டுனா தொறக்கும்."

தட்டினான். திறக்கவில்லை. தப்பாகத் தட்டுகிறவர்களைத் தடுக்க அவனே காலையில் வைத்த காவல் நிரல் விழித்துக்கொண்டு, ஆபீஸ் மொத்தத்தையும் வெளியே தள்ளியது. கௌசிகாவின் திரையும் அறுந்தது.

"அடப்பாவி! நான் என்னடா பண்ணுனேன்?"

செல்போன் இணையத்தில் முயன்றான். பதற்றத்தில் தப்பாகத் தட்டி அதற்கும் தடை வாங்கினான்.

அப்போதுதான் வாளையார் எடைமேடையிலிருந்து நௌஃபல் கூப்பிட்டான். "எல்லா லாரிக்கும் சைபர் கிலோ காட்டுது! ரோடு வரைக்கும் வரிச நிக்குது. டிரைவருங்க என்னையத் தூக்கி மேடையில வெச்சுப் பாக்கறாங்க. அதுக்கும் சைபர்தான்!"

இந்தக் கோளாறைத் திருத்திய நிரல் முன்பே தயார். ஆனால் அது சர்வருக்குள் இருந்தது. ரமேஷ்குமாரோ வானத்தில் இருந்தார்.

கௌசிகா அவர் வீட்டு எண்ணைத் தேடிக் கொடுத்தாள். முதலாளியின் அம்மா மருதாத்தாள் எடுத்தார்.

"அம்மா, ரொம்ப அவசரமுங்க! அந்தக் கருப்புப் பொட்டிகிட்டப் போக முடியுங்களா?"

"போலாமுங்க. மேல பூனை தூங்குதுங்களே, எழுப்பட்டுங்களா?"

"எழுப்புங்கம்மா!"

"சூடா இருக்குதுன்னு எறங்க மாட்டேங்குதுங்க." ஏதோ உருளும் சத்தம். "பூனை எறங்கிருச்சு. பொட்டியும் அணைஞ்சிருச்சுங்க."

சிவப்பிரகாஷ் தலையில் கை வைத்தான். கௌசிகா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

"பரவால்லீங்கம்மா. பெரிய பொத்தான அமுத்துங்க."

"வந்துருச்சு. பாஸ்வேர்டு கேக்குது. எம்பையன் சொல்லிக் குடுத்திருக்கறான். சத்தமாச் சொல்லட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க! யார்கிட்டயும் சொல்லக்கூடாது. நீங்களே அடிங்க."

பிறகு தடையை நீக்கும் கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். மருதாத்தாள் கண்ணாடியைத் தேடி, பூனையை விரட்டி, "இந்தப் படுத்த கோடு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டு, ஒருவழியாகத் தடையை நீக்கினார். கடவுச்சொல் வழியையும் திறந்துவிட்டார்.

சிவப்பிரகாஷ் உள்ளே பாய்ந்தான். திருத்தம் வாளையாருக்குப் பறந்தது. "எடை காட்டுது!" என்று நௌஃபல் கத்தியதற்குப் பின்னால் லாரி ஹாரன்கள் கச்சேரி வைத்தன. சரியான சாவியைப் பொருத்தி, சோதித்துப் பார்த்து, கடவுச்சொல் வழியை மறுபடி அடைத்தான்.

நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கௌசிகாவைப் பார்த்தான். "இனி வெளியாளு எவனாச்சும் உள்ள வரட்டும் பாக்கலாம்!"

இணைப்பு அறாமல் மேசையில் கிடந்த போனைக் கும்பிடாத குறையாக எடுத்தான். "ரொம்ப நன்றிங்கம்மா. நீங்க இல்லீன்னா தொறந்தே இருக்காதுங்க."

"அதுக்கென்னங்க தம்பி," என்றார் மருதாத்தாள். "ஆமா, நீங்க யாருங்க?"